பார்ஸ்டல் பள்ளி: சிறைத் தண்டனைக்குப் பதிலாக ஒரு காலக்கெடு

திருட்டு வழக்கில் பிடிபட்டவருக்கு 17 வயது 11 மாதம் என்றால், அவர் போகுமிடம் இளைஞர் நீதிக் குழுமமும் கூர்நோக்கு இல்லமும். அதே ஆள், அதே திருட்டு, வயது மட்டும் 18 ஆண்டு ஒரு மாதம் என்றால் காவல் நிலையம், ரிமாண்டு, ஜெயில். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் யாருக்கும் புத்தி முற்றிவிடாது. ஆனாலும் சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் நேராகப் பெரிய சிறையில் போய் விழாமல் இருக்க நடுவில் ஒரு படி கட்டினார்கள். அதன் பெயர்தான் பார்ஸ்டல் பள்ளி.

பெயரில் குழப்பம் உண்டு. பத்திரிகைகள் இதைச் ‘சிறார் சிறை’, ‘சிறுவர் சீர்திருத்தப் பள்ளி’ என்றெல்லாம் எழுதுகின்றன. இன்றைய சட்டப்படி சிறார் யாரும் அங்கே இருக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குக் கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம், பாதுகாப்பு இல்லம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது, முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை எனப்பட்ட குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையின் பொறுப்பு. பார்ஸ்டல் பள்ளியோ சிறைத் துறையின் கையில் இருப்பது. ஏறத்தாழ 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது. மாதிரிச் சிறைக் கையேடு (2016) ‘இளம் குற்றவாளி’ என்று சொல்வதும் 18 நிறைந்து 21 நிறையாதவரைத்தான்.

இந்த வயதுக்கு ஏன் தனி இடம்?

குற்றப் புள்ளிவிவரங்களை வயதுவாரியாக வரைந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒரே வடிவம் கிடைக்கிறது. பதின்ம வயதில் கோடு வேகமாக ஏறுகிறது, பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ உச்சம் தொடுகிறது, பிறகு இறங்குகிறது. வேலை, கல்யாணம், கூட்டாளிகளை விட்டு விலகுதல் என்று பல காரணங்களால் பெரும்பாலானோர் 25, 30 வயதுக்குள் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். விளைவை யோசித்து ஆத்திரத்தை அடக்குகிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம்.

இதிலிருந்து நடைமுறையில் கிடைக்கும் பாடம் கொஞ்சம் வினோதமானது. இந்த வயதுக்காரரைத் திருத்துவதைவிட முதல் கடமை, அவரைக் கெடுக்காமல் இருப்பது. தானாகவே இறங்கப் போகிற கோட்டை, பழம்பெரும் குற்றவாளிகளோடு ஆறு மாதம் அடைத்துவைத்து மேலேயே நிறுத்திவிடக் கூடாது. தனி இடம் வேண்டும் என்பதன் அடிப்படை இதுதான். பயிற்சி, பட்டறை, ஆலோசனை எல்லாம் அதற்கு அடுத்தபடி.

பார்ஸ்டல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ராச்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமம் பார்ஸ்டல். பழக்கக் குற்றவாளிகளில் பெரும்பாலோர் 16 முதல் 21 வயதுக்குள்தான் உருவாகிறார்கள் என்று 1895-இல் கிளாட்ஸ்டன் குழு அறிக்கை சொன்னது. அப்போது சிறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஈவ்லின் ரகிள்ஸ்-பிரைஸ் அமெரிக்கா போய் எல்மைரா சீர்திருத்த நிலையத்தைப் பார்த்துவந்தார். 1902-இல் பார்ஸ்டல் கிராமத்துச் சிறையில் தன் சோதனையைத் தொடங்கினார். 1908-இல் அது சட்டமாயிற்று.

எல்மைராவை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த யோசனையின் நல்லது கெட்டது இரண்டும் அங்கேயே தெரிந்துவிட்டன. 1876-இல் நியூயார்க் மாநிலத்தில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் விடுதலை நாள் முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை. நன்னடத்தைக்கு மதிப்பெண், மதிப்பெண்ணுக்குப் படி உயர்வு, மேல்படியில் இருப்பவருக்கு நிபந்தனையோடு விடுதலை. உள்ளே இருப்பவரின் சாவி அவர் கையிலேயே இருக்கிறது என்பது கணக்கு. ஆனால் மதிப்பெண் போடுகிறவர் கையில்தான் உண்மையான சாவி இருந்தது. அதன் கண்காணிப்பாளர் செபுலான் பிராக்வே கைதிகளைக் கொடூரமாக அடித்தார் என்ற புகார் எழுந்து 1890களில் விசாரணையே நடந்தது. கால அளவை அதிகாரியின் தீர்ப்புக்கு விட்டால் அந்த அதிகாரியைக் கண்காணிக்க வெளியார் ஒருவர் வேண்டும் என்பதை அன்றே கற்றிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1920களில் அலெக்சாண்டர் பேட்டர்சன் பார்ஸ்டலைப் பள்ளி விடுதி மாதிரி மாற்றினார்: சிறு சிறு ‘இல்லங்கள்’, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர், சீருடை இல்லாத ஊழியர்கள். 1930-இல் ஃபெல்த்தமிலிருந்து ஒரு குழு நாட்கணக்கில் நடந்தே லௌடம் கிரேஞ்சுக்குப் போய், தங்கப் போகும் கட்டடத்தைத் தாங்களே கட்டினார்கள். சுற்றுச்சுவர் இல்லாத முதல் பார்ஸ்டல் அது. அதன் பிறகு வந்த கதை அவ்வளவு நன்றாக இல்லை. உள்ளே வைக்கும் காலத்தை 1948-இல் குறைத்தார்கள், 1961-இல் இன்னும் குறைத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு என்றாக்கினார்கள். கடினமானவர்கள் சேரச்சேரக் கூட்டமும் அடிதடியும் கூடின. 1970களில் வெளியே போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி தண்டனை பெற்றார்கள். 1982-இல் ஒரு சட்டம் பார்ஸ்டலையே ஒழித்தது. பிறந்த ஊரில் பெயர் போய்விட்டது. இந்தியாவில் இன்னும் இருக்கிறது.

சென்னை மாகாணச் சட்டம் என்ன சொல்கிறது?

1919-20 இந்தியச் சிறைக் குழு (அதன் தலைவர் அலெக்சாண்டர் கார்ட்யூ சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்தவர்) பார்ஸ்டல் முறையைப் பரிந்துரைத்தது. அடுத்து வந்தது 1925-ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம். பஞ்சாப் 1926-இலும், வங்காளம் 1928-இலும், பம்பாய் 1929-இலும் தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. மைய அரசுச் சட்டம் என்று ஒன்று கிடையாது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் வயதும் காலமும் சற்று மாறும்.

சென்னைச் சட்டத்தின் உயிர் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பாகிவிட்ட இளைஞர் ஒருவர், அவருடைய பழக்கவழக்கத்தாலோ கெட்ட சேர்க்கையாலோ, பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் உட்படுத்தப்பட வேண்டியவர் என்று நீதிமன்றம் கருதினால், சிறைத் தண்டனைக்குப் பதிலாகப் பார்ஸ்டல் பள்ளியில் வைக்க உத்தரவிடலாம். காலம் 2 ஆண்டுக்குக் குறையக் கூடாது, 5 ஆண்டைத் தாண்டக் கூடாது. எப்படியிருந்தாலும் அவருக்கு 23 வயது ஆகும் நாளைக் கடக்கவே கூடாது.

‘பதிலாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாதாரணத் தண்டனையைக் குற்றத்தின் கனத்தை வைத்து அளப்பார்கள். இங்கே அளவுகோல் வேறு: ஒருவர் ஒரு தொழிலையும் ஒரு பழக்கத்தையும் கற்க எவ்வளவு நாள் பிடிக்கும்? இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஒன்றும் ஒட்டாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். ஐ.டி.ஐ. படிப்போடு ஒப்பிட்டால் அந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறது. வெல்டர் பிரிவு ஓர் ஆண்டு, எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் இரண்டு ஆண்டு.

இதற்கு விலையும் உண்டு. மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வரக்கூடிய சின்ன வழக்குக்கு இரண்டு ஆண்டுப் பார்ஸ்டல் என்றால், ‘திருத்துகிறோம்’ என்ற பெயரில் எட்டு மடங்கு காலம் அடைத்துவைப்பதாக ஆகிவிடும். அதனால்தான் சட்டம் நீதிமன்றத்துக்கு ஒரு கடிவாளம் போட்டது: உத்தரவு போடும் முன் அந்த இளைஞரின் குணம், உடல்நிலை, மனநிலை பற்றிய அறிக்கையைப் பார்க்க வேண்டும், இந்தப் பயிற்சியால் அவருக்குப் பயன் உண்டு என்று திருப்தி அடைய வேண்டும். இந்த அறிக்கை சடங்காக எழுதப்பட்டால் கடிவாளம் அறுந்துபோகிறது.

முக்கியமான வேறு ஏற்பாடுகள் மூன்று. ஆறு மாதம் முடிந்த பிறகு, இனி குற்றம் செய்யாமல் உழைத்துப் பிழைப்பார் என்று பள்ளியின் பார்வையாளர் குழு நம்பினால், ஒரு பொறுப்பாளரின் மேற்பார்வையில் உரிமத்தின்பேரில் வெளியே அனுப்பலாம். நிபந்தனையை மீறினால் உரிமம் ரத்தாகி அவர் திரும்ப வர வேண்டும். எந்த வகையிலும் கட்டுப்படாமல் மற்றவர்களையும் கெடுக்கிறார் என்றால் மிச்சக் காலத்தைச் சிறைத் தண்டனையாக மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு.

கொலை வழக்கு என்றால் நிலைமை வேறு. ஆயுள் தண்டனை பெற்ற இளைஞரை அரசு பார்ஸ்டலில் வைக்கலாம். ஆனால் 23 வயதானதும் விடுதலை என்று உரிமை கோர முடியாது. இதே சென்னைச் சட்டம் ஆந்திரத்திலும் நடைமுறையில் இருந்தபோது எழுந்த வல்லபபுரம் ரவி வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: 23 ஆனதும் மிச்சத் தண்டனையைக் கழிக்க அவர் சிறைக்கு மாற்றப்பட வேண்டும்.

பார்ஸ்டலுக்கு முன்னால் ஒரு கதவு

குறைவாகப் பேசப்படும் விஷயம் இது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்குச் சிறைத் தண்டனை கொடுப்பதைத்தான் விதிவிலக்காக வைத்திருக்கிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், வீட்டுச் சூழலையும் பின்னணியையும் விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பார்த்து, கண்டித்து விடுவதோ பிணைப்பத்திரத்தில் விடுவதோ சரிப்படாது என்று காரணத்தை எழுதிய பிறகுதான் சிறைத் தண்டனை தர முடியும். பிணைப்பத்திரத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. குற்றம் நடந்த நாளில் 21-க்குக் கீழே இருந்ததை வைத்து இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நாளின் வயதைப் பார்க்க வேண்டும் என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 21 தாண்டிவிட்டால் இந்தப் பிரிவு கைநழுவும். 4-ஆம் பிரிவு மிஞ்சும். அதன்கீழ் விடுவிப்பதும் விடாததும் நீதிபதியின் விருப்பம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் சமூகச் சேவையை ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூகச் சேவைதான். ஆக வரிசை இப்படி வர வேண்டும்: முதலில் கண்டிப்பு, சமூகச் சேவை, நன்னடத்தைப் பிணை. அவை போதாது என்று தெரிந்தால் பார்ஸ்டல். கடைசியில்தான் சிறை. பார்ஸ்டல் எவ்வளவு நன்றாக நடந்தாலும், பிணையில் வீட்டிலிருந்தே சரியாகியிருக்கக்கூடிய பையனை அங்கே அனுப்புவது நட்டம்தான்.

மற்ற நாடுகளில் இந்தப் படியை வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1953 முதல், 18 முதல் 20 வயதுவரை உள்ளவர் மனமுதிர்ச்சியில் சிறுவரைப் போலவே இருக்கிறார் என்று நீதிபதி கண்டால் சிறார் சட்டத்தையே அவருக்கும் பொருத்தலாம். தனிக் கட்டடம் கட்டுவதற்கு முன் தனித் தீர்ப்பு கொடுக்கிற வழி அது.

உள்ளே என்ன நடக்க வேண்டும்?

நன்றாக நடக்கும் நிலையத்தின் வேலையை நான்கு கட்டமாகப் பார்க்கலாம். நான்கும் சம நீளம் அல்ல.

முதல் ஏழெட்டு நாள் ஆபத்தான காலம். தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம் நின்றதால் வரும் நடுக்கமும் தூக்கமின்மையும், ‘நீ எந்த ஏரியா, யார் ஆளு?’ என்று வரும் விசாரணை, எல்லாம் இந்த நாட்களில்தான் குவிகின்றன. வந்த அன்றே மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பழைய காயங்களைப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் பட்ட அடிக்கும் உள்ளே பட்ட அடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். எந்த பிளாக்கில் போடுவது என்பதை வழக்கின் பிரிவை வைத்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. அதைவிட முக்கியம் எதிராளிக் கும்பல் யார் உள்ளே இருக்கிறார்கள், இவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது. தனியறையில் போட்டுவிட்டால் பத்திரம் என்பதும் தவறு. முதல் இரவில் தனிமைதான் பலரை உடைக்கிறது. சக கைதி ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

அடுத்த மூன்று நான்கு வாரம் மதிப்பீடு. 1990 வாக்கில் கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா என்ற உளவியலாளர்கள் வகுத்த முறையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். அதன் சாரம் மூன்று கேள்வி. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு? எது அவரைக் குற்றத்துக்குத் தள்ளுகிறது? எந்த வழியில் சொன்னால் அவருக்கு ஏறும்? முதல் கேள்வியை வைத்தே பயிற்சியின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வாய்ப்பு குறைவாக உள்ளவருக்குத் தீவிரப் பயிற்சி கொடுப்பது வீண் மட்டுமில்லை, கெடுதலும்கூட. கடுமையான கூட்டத்தோடு ஒரே அறையில் உட்காரவைத்துப் புதிய சேர்க்கையை நாமே ஏற்படுத்திக் கொடுத்ததாகிவிடும். இரண்டாவது கேள்விக்கு ‘வறுமை’ என்று பொதுப்படையாக எழுதினால் ஒன்றும் நகராது. கூட்டாளிகள், போதை, பள்ளியை விட்டு நின்றது, கோபம் வந்தால் கை நீளுவது, தப்பை நியாயப்படுத்தும் பேச்சு என்று பிடித்து மாற்றக்கூடிய பெயர்களாக எழுத வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் நீளமானது. படிப்பு, தொழில், சிந்தனைப் பயிற்சி மூன்றும் ஒரே நாளில் ஓட வேண்டும்.

படிப்பில் நேரும் முதல் தவறு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவரையும் பத்தாம் வகுப்பில் தவறியவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது. 19 வயது ஆள் ‘அ’னா ‘ஆ’வன்னா தெரியாது என்று மற்றவர் முன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். சண்டை ஒழுங்குமீறலாகப் பதிவாகும், காரணம் பதிவாகாது. எனவே வாசிப்புச் சோதனையைத் தனியாக வைக்க வேண்டும், பாடப்புத்தகத்துக்குப் பதிலாக மனு, வங்கிப் படிவம், ஓட்டுநர் உரிமக் கேள்வித்தாள் மாதிரி வயதுக்கேற்ற தாள்களில் சொல்லித்தர வேண்டும். முன்னேறியவர்கள் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களாக எழுதலாம்.

தொழிலைக் காலக்கணக்கோடு பொருத்த வேண்டும். 300 மணி நேரக் குறுகியகாலப் பயிற்சியை நாளுக்கு 4 மணி வீதம் வாரம் 5 நாள் நடத்தினால் 15 வாரம் ஆகும். நீதிமன்றத்துக்குப் போகும் நாள், மனு பார்க்கும் நாள் (வீட்டார் வந்து சந்திக்கும் நாள்), ஆள் பற்றாக்குறையால் பட்டறை திறக்காத நாள் எல்லாம் கழித்தால் 20 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மாதத்தில் வெளியே போகப் போகிறவரை அதில் சேர்த்தால் சான்றிதழ் இல்லாமல்தான் போவார். இன்னொன்று: வெளியே யாரும் வேலைக்கு எடுக்காத தொழிலை, தறி அங்கே இருக்கிறது என்பதற்காகக் கற்பிப்பது பழைய வியாதி. எலக்ட்ரிக்கல், பிளம்பிங், இருசக்கர வாகனம் பழுதுபார்த்தல், ஏ.சி. மெக்கானிக், சமையல் இவற்றுக்கு வேலை இருக்கிறது. சான்றிதழில் நிறுவனப் பெயராகச் சிறையின் பெயரைப் போடக் கூடாது. பயிற்சி தரும் வெளி அமைப்பின் பெயர் இருந்தால்தான் அந்தத் தாளை எடுத்துக் காட்ட முடியும்.

சிந்தனைப் பயிற்சி என்பது அறிவுரை சொல்வது அல்ல. ‘அவன் என்னை முறைத்தான்’ என்பதற்கும் ‘நான் குத்தினேன்’ என்பதற்கும் நடுவே மனத்தில் ஓடியது என்ன என்று ஒருவரைப் பிரித்துப் பார்க்கவைத்து, வேறு வழியை நடித்துப் பழக்குவது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, வாரம் இரண்டு மூன்று அமர்வு. 1980களில் கனடாவில் உருவாகிப் பல நாடுகளுக்குப் போன ஒரு பாடத்திட்டம் இரண்டு மணி நேர அமர்வுகள் 36 கொண்டது. இந்த வகைப் பயிற்சி மறுகுற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, பாதியில் விடாமல் முடித்தால்.

வேலை செய்யாதது எது என்பதும் தெரியும். ராணுவ பாணி ‘பூட் கேம்ப்’ மறுகுற்றத்தைக் குறைக்கவில்லை. 1980களில் பிரிட்டனில் ‘குறுகிய, கடுமையான அதிர்ச்சி’ என்று விளம்பரமாகத் தொடங்கியதை அரசின் சொந்த ஆய்வே 1984-இல் பயனில்லை என்று சொன்னது. இளைஞர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை வைத்து மிரட்டும் திட்டங்கள், ஒன்றுமே செய்யாமல் விட்டதைவிட மோசமான பலனைத் தந்தன. காலை ஓட்டமும் டிரில்லும் உடம்புக்கு நல்லவை. திருத்தம் என்ற கணக்கில் அவற்றை எழுதக் கூடாது.

படி உயர்வு முறை எல்லா பார்ஸ்டலிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு: நடத்தை நன்றாக இருந்தால் கூடுதல் கடிதம், கூடுதல் சந்திப்பு, பொறுப்பான வேலை. இதில் ஒரு நுணுக்கம். குடும்பத்தைப் பார்ப்பதை வெகுமதியாக்கி, தப்பு செய்தால் அதை வெட்டுவது எளிது. ஆனால் வெளியே போனபின் அவரைத் தாங்கப்போவது அந்த உறவுதான். வெட்ட வேண்டியது விளையாட்டு நேரம், தொலைக்காட்சி போன்றவற்றையே, அம்மாவை அல்ல. பொறுப்பு வேலை கொடுக்கும்போது மற்ற கைதிகள்மேல் அதிகாரம் கொடுத்துவிடக் கூடாது. ‘மேஸ்திரி’யாக ஒருவரை வைத்தால் ஒரே வாரத்தில் அவர் சோப்பும் பிஸ்கட்டும் வசூலிக்கத் தொடங்குவார், ஊழியர் எண்ணிக்கை குறைந்த இடத்தில் அதைக் கண்டும் காணாமல் விடுவார்கள்.

நான்காவது கட்டம் விடுதலைக்கு முந்திய மூன்று மாதம். இதை வெறும் அறிவுரை வகுப்பாக முடித்துவிடுவார்கள். செய்ய வேண்டியது தாள் வேலை: ஆதார், குடும்ப அட்டையில் பெயர், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. கைதான அன்று பர்ஸோடு போன ஆதார் வழக்குச் சொத்தாக எங்கோ கிடக்கும். விடுதலையான பிறகு இதற்கு அலைவதற்குள் கையில் இருக்கும் காசு தீர்ந்துவிடும். தங்குமிடமும் இப்போதே முடிவாக வேண்டும். பழைய தெருவுக்கே போனால் பழைய கூட்டாளிகள் வாசலில் நிற்பார்கள்; சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று வேறு ஊர் இருக்கிறதா என்று நன்னடத்தை அலுவலர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும்.

இன்றைய பெரிய ஓட்டை

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை: எத்தனை நாள் இருப்பார் என்று தெரிந்த ஆள் வேண்டும். சென்னைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பேசுவது தீர்ப்பானவரைப் பற்றி. நடைமுறையில் பார்ஸ்டல் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் ரிமாண்டில் வந்த விசாரணைக் கைதிகள். நாடு முழுக்கச் சிறைகளில் இருப்பவர்களிலேயே 2022 கணக்குப்படி 75.8 விழுக்காடு விசாரணைக் கைதிகள் என்றால் இதில் வியப்பில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் பட்டியல்களில் பார்ஸ்டல் பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலமாகத் தமிழ்நாடு வந்திருக்கிறது. எண்ணிக்கை பெருமைக்குரியதுதான், பெரியவர்களோடு சேர்த்து அடைக்காமல் இருப்பதே பெரிய நன்மை. ஆனால் அது சட்டம் நினைத்த பார்ஸ்டல் இல்லை.

ரிமாண்டுக்கு 15 நாளுக்கொரு முறை நீட்டிப்பு. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. அதற்கு முன்பே ஜாமீன் கிடைத்தாலும் பிணைதாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. ஆக ஒருவர் 12 நாள் இருக்கலாம், 110 நாளும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுக்கு வெட்டப்பட்ட சட்டையை இவருக்குப் போட முடியாது. மேலும், தீர்ப்பாகாதவரை ‘நீ செய்த குற்றத்தை எண்ணிப் பார்’ என்று குழுவில் உட்காரவைப்பது சட்டப்படியும் சரியில்லை. அவர் அங்கே சொல்வது வழக்கைப் பாதிக்கலாம்.

அதனால் விசாரணைக் கைதிக்கு வேறு திட்டம் வேண்டும். குற்றத்தைத் தொடாமல் கோபம், போதை, தூக்கம் பற்றி மட்டும் பேசும் நாலைந்து அமர்வு. எந்த நாளில் சேர்ந்தாலும் அன்றே தொடங்கக்கூடிய, ஒரு வாரத்தில் முடியும் சிறு பாடங்கள். எல்லாவற்றையும்விட முதலில் சட்ட உதவி. பிணைத் தொகையைக் குறைக்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மனுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்புவது, அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய சீர்திருத்தப் பணி.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

வயதை நிரூபிப்பது முதல் வேலை. 18-க்குக் கீழே என்று சந்தேகம் இருந்தால் அதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசை வைத்திருக்கிறது: பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு ஆண்டு வரை முன்பின் ஆகலாம். ஆதாரில் உள்ள தேதியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த வரிசையில் ஆதார் இல்லை.

18 முதல் 21-க்குள் என்றால், பெரியவர்களோடு வைக்காமல் பார்ஸ்டலில் வைக்கும்படி ரிமாண்டின்போதே நடுவரிடம் வழக்கறிஞர் மூலம் கேட்கலாம். மனு பார்க்கப் போகும்போது உங்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்; மாத்திரையை நேரில் கொடுக்க விட மாட்டார்கள். வலிப்பு, ஆஸ்துமா, மனநல மருந்து என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தீர்ப்பு நெருங்கும்போது நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். பலர் இவரைப் போலீஸ்காரர் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள், அல்லது பையனை உத்தமன் என்று காட்டப் பொய் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்ததும் பொய் தெரிந்துவிடும், அறிக்கை பலவீனமாகும். அவருக்கு வேண்டியது வேறு: பையன் எங்கே தங்குவான், யார் பொறுப்பு, காலையில் எந்த வேலைக்குப் போவான், குடிப் பழக்கம் இருந்தால் எங்கே சிகிச்சை. இந்த நான்குக்கும் பெயரும் முகவரியுமாகப் பதில் இருந்தால் நன்னடத்தைப் பிணைக்கு வாய்ப்பு கூடும். பிணையில் விடப்பட்டால், அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய தகுதியிழப்பு ஒட்டாது என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது உதவும். வழக்கு இருந்ததை மறைத்து எழுதினால் அந்த மறைத்தலே தனிக் காரணமாகி வேலை போகும் என்பதால், கேட்ட இடத்தில் உள்ளதை எழுதி, 12-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தீர்ப்பு நகலை இணைக்க வேண்டும். அந்த நகலைத் தீர்ப்பான வாரத்திலேயே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஆவண அறையில் தேடவைப்பது பெரும்பாடு.